கயிறு மாற்றிய மாடு

நவம்பர் 18, ஞாயிறு

தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் நாற்பது பக்கங்கள் மீதி இருக்கின்றன. ஒரு பக்கம் கோடு போட்டது, எதிர்ப்பக்கம் படம் வரைய வெள்ளை. கோடு போட்ட பக்கத்தில் மட்டும் எழுதுவதாக இருக்கிறேன்.

இன்று பொட்டுவை விற்றோம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அதனால் அந்தப் பெயர். எட்டு மாதச் சினை. நான் மூன்றாம் தேதி பட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் புல் அறுக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அப்பா விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

வாங்கியவர் மேலக்காடு உத்திராபதி மாமா. உறவு இல்லை, ஊர்ப் பழக்கத்தில் மாமா. கையோடு மஞ்சள் நைலான் கயிறு கொண்டுவந்திருந்தார். எங்கள் தேங்காய்நார்க் கயிற்றை அப்பா அவிழ்த்து வீட்டுக்குள் ஆணியில் மாட்டினார். மாமா தன் கயிற்றைப் பொட்டுவின் கழுத்தில் போட்டு, கொட்டகைக் காலில் கட்டினார். கயிறு மாற்றிவிட்டால் மாடு வாங்கியவருடையது. அதன் பிறகு விற்றவர் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. ஒரு காலத்தில் தாத்தா, விற்ற காளையை ஒரு வேளை மேயட்டும் என்று அவிழ்த்துவிட்டு, அது கால் ஒடிந்து, பஞ்சாயத்தில் கைகட்டி நின்றாராம். அப்பா அப்போது சிறுவர். இன்றும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

வழக்கமாகக் கயிறு மாற்றிய கையோடு ஓட்டிப் போய்விடுவார்கள். மாமாவின் கொட்டகையில் தரை போட்ட சிமெண்டு இன்னும் காயவில்லை. அவருக்கு மாடு வெள்ளிக்கிழமை வீடு வர வேண்டும். அம்மாவுக்கோ வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுப் போகக்கூடாது.

"அப்பன்னா வியாழக்கெழம சாயங்காலம் ஓட்டுறேன். ராவுக்கு என் மச்சான் வூட்ல தங்கட்டும். காலைல என் வூட்டுக்கு வரட்டும். ரெண்டு பேரு லச்சுமிக்கும் கோவம் வராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மாடு விற்கிற விஷயத்தைப் போன வாரம் அப்பா சொல்லி நான்தான் போனில் அவரிடம் பேசினேன். "வணக்கம், நான் பக்கிரிசாமியின் மகள் மங்கையர்க்கரசி பேசுகிறேன். ஒரு மாடு குறித்துத் தங்களிடம் பேச வேண்டும்" என்றேன். எழுதிவைத்துப் படித்தேன். அவர் டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார். இன்று தரகர், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் என் குரலில் அதைச் சொல்லிக் காட்டினார்.

"ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறாங்கன்னு நெனச்சு நான் எந்திரிச்சு நின்னுட்டேன்யா! டீச்சரம்மா, அடுத்த தடவ 'மாமா, மாடு இருக்கு, வா'ன்னு சொல்லு. போதும். நான் போனக் கையிலயே வச்சிருக்கிறவன். மொத மணியிலயே எடுத்துருவேன்."

கெட்ட மனிதர் இல்லை. கன்று போட்டால் சீம்பால் கொண்டுவந்து தருவதாக அம்மாவிடம் சொன்னார். நான் சமையல் கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாலையில் பொட்டுவின் முகத்தைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு ஒரே போன்தான். அம்மா, அப்பா இருவருக்கும் எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் வைத்திருக்கிறேன். திருவாரூர் தாய்மாமாவுக்கு அவருடைய ஸ்கூட்டர், சித்திக்கு சித்தியின் முகம், ரேஷன் கடைக்கு மூட்டை. உத்திராபதி மாமாவின் எண்ணுக்குப் பொட்டுவின் முகம். அம்மாவுக்கு மகிழ்ச்சி. தினமும் சாப்பிட்டு முடித்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தி, யார் யாரோடு பேசினோம் என்று படங்களைத் தள்ளிப் பார்ப்பது அவளுக்கு ஒரு பொழுது.

நவம்பர் 19, திங்கள்

கடலில் காற்றழுத்தத் தாழ்வு, புயலாகுமாம். சென்னைப் பக்கம் போகுமாம். சாணி அள்ளினேன். பொட்டுவைக் கட்டிய இடத்திலேயே வைத்துத் தீனி போட்டேன். கயிற்றின் மேல் கை படாமல் கழுத்தைச் சொறிந்துவிட்டேன்.

நவம்பர் 20, செவ்வாய்

புயல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. வேதாரண்யத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் வியாழக்கிழமை காலை கரையைக் கடக்கும் என்கிறார்கள். நாங்கள் சரியாக நடுவில் இருக்கிறோம்.

அப்பா உப்பளத்துக்குப் போகவில்லை. ஆள் வைத்துத் தென்னைகளில் பாதி மட்டைகளைக் கழித்தார். தலை கனமாக இருந்தால் மரம் முறியும். முப்பது மரங்களில் பதினொன்றுதான் முடிந்தது, ஏறுகிறவரை அடுத்த வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூரை மேல் பழைய மீன்வலையை விரித்து, நான்கு மூலையிலும் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டோம். அம்மா அரிசியையும் என் சான்றிதழ்களையும் ஒரே பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடினாள். "ரெண்டும் நனையக்கூடாது" என்றாள். பி.எஸ்ஸி. பட்டம் புழுங்கல் அரிசிக்குள் நிற்கிறது.

வைக்கோலை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். கோழிகளைக் கூடை போட்டு மூடினேன். அவை ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டே இருந்தன.

பட்டுக்கோட்டைப் பள்ளியிலிருந்து போன் வந்தது. எடுக்கப் போனேன். அதற்குள் நின்றுவிட்டது. பிறகு செய்தி அனுப்பினேன்.

நவம்பர் 21, புதன்

காலையில் வானம் மஞ்சளாக இருந்தது. காற்றே இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. காக்கைகளைக் காணோம்.

பதினொரு மணிக்குக் கால்நடை மருத்துவமனையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் கையில் ஒலிபெருக்கியோடு வந்தார். "ஆடு மாட்டக் கட்டிப் போடாதீங்க. அவுத்து விட்டுருங்க. அதுங்களுக்கு ஒதுங்கத் தெரியும். கட்டுனா கட்டுன எடத்துலயே சாவும்." தெருவுக்குத் தெரு நின்று இதையே சொன்னார்.

அப்பா உடனே எங்கள் இரண்டு ஆடுகளையும் அவிழ்த்துவிட்டார். அவை வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று எங்களைப் பார்த்தன. பிறகு அப்பா கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றார்.

"அவுத்து விட வேண்டியதுதானே. என்ன ரோசன?" என்றாள் அம்மா.

"அது நம்ம கயிறு இல்லையே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, எவன் தோப்புலயாவது வுழுந்து கெடந்துச்சுன்னா, பக்கிரி என் மாட்ட ஏன் அவுத்தான்னு கேப்பாரா மாட்டாரா?"

"கயிறாவது மயிராவது!"

"நீ சும்மாரு. பாப்பா, அவருக்கு ஒரு போனப் போடு. அவுத்துவிடட்டுமான்னு ஒரு வார்த்த கேளு. ஆமுன்னா இந்த நிமிசமே அவுத்துர்றேன்."

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்தேன். மாமா, மாட்டை அவிழ்த்து விடட்டுமா? மாட்ட அவுத்து விடவா மாமா? மாமா, அப்பா கேக்கச் சொன்னாங்க. டீக்கடையில் இருப்பாரோ என்னவோ. புயல் நேரம், கூட்டம் இருக்கும்.

போட்டேன். கிடைக்கவில்லை.

அப்பா இரண்டு மணிக்கு மறுபடியும் கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். "மொத மணியிலயே எடுக்குறவராச்சே" என்றார். டவர் இல்லப்பா என்றேன்.

நான்கு மணிக்குக் காவல் வண்டி வந்து எல்லோரையும் புயல் காப்பகத்துக்குப் போகச் சொன்னது. அப்பா பொட்டுவின் முன் இரண்டு வேளைக்கான வைக்கோலைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். கயிற்றின் முடிச்சை ஒருமுறை குனிந்து பார்த்தார். தொடவில்லை.

காப்பகம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மாடிக் கட்டடம். பாய்க்கு இடம் பிடிப்பதற்குள் மூன்று சண்டை. ஆறு மணிக்குத் திருவாரூர் மாமா போன் செய்தார். அம்மா அவரோடு கால் மணி நேரம் சத்தமாகப் பேசினாள். ஏழரைக்குச் சித்தி. அப்பா சுவரில் சாய்ந்து, அம்மா பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை.

பேட்டரி குறைகிறது என்று போனை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 22, வியாழன்

காப்பகத்தில் எழுதுகிறேன். விடியும்போது ஆரம்பித்தது. ஜன்னலுக்கு நான்கு பேராகக் கதவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் காற்றுச் சத்தம் மாதிரி இல்லை. லாரி ஒன்று சுவருக்குப் பக்கத்திலேயே நின்று உறுமுகிற மாதிரி.

எதிரே இருந்த புளியமரம் படுத்துவிட்டது. விழும்போது சத்தமே கேட்கவில்லை.

ஒன்பது மணி. நின்றுவிட்டது. ஒரே அமைதி. வெளிச்சம் கூட வருகிறது. ஆட்கள் வெளியே போகிறார்கள். இது புயலின் கண், போகாதீர்கள், திரும்ப அடிக்கும் என்று காப்பகத்து அலுவலர் கத்துகிறார்.

அப்பா எழுந்தார். "நான் போயி அவுத்துட்டு வந்துர்றேன்."

"யாரக் கேட்டுட்டுப் போறிய இப்ப?" என்றாள் அம்மா. அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"யாரையும் கேக்கல."

அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒன்பது நாற்பது. மறுபடியும். இந்த முறை தெற்கிலிருந்து. அப்பா வரவில்லை.

பத்தரை.

பதினொன்று. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இடது கையை. அதனால் எழுத முடிகிறது.

நவம்பர் 23, வெள்ளி

அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுத வேண்டும்.

நேற்று இரண்டு மணிக்குக் காற்று தணிந்ததும் நானும் அம்மாவும் போனோம். அரை மைல் போக ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பாதையே இல்லை. மரங்களின் மேல் ஏறி இறங்கினோம். எங்கள் தென்னைகளில் நான்கு நிற்கின்றன. வீட்டுக் கூரை மீன்வலையோடு சேர்ந்து மாரியம்மன் குளத்தில் கிடக்கிறது. சுவர்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் டிரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கொட்டகை படுத்திருந்தது. கல் தொட்டிக்கும் மண் சுவருக்கும் இடையில் அப்பா குப்புறக் கிடந்தார். அம்மா கத்தியதும் தலையைத் தூக்கினார். பக்கத்தில் பொட்டு. விட்டம் அதன் முதுகில் விழுந்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

அப்பா போனபோது அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. முதல் காற்றிலேயே கொட்டகை விழுந்து, பின்னங்கால்கள் மாட்டிக்கொண்டு, முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்றிருக்கிறது. எழ எழக் கயிறு இறுக்கியிருக்கிறது. எங்கள் நார்க் கயிறாக இருந்தால் எப்போதோ அறுந்திருக்கும். நைலான் முடிச்சு நனைந்து கல்லாகிவிட்டது. அரிவாள் இடிந்த கொட்டகைக் கூரைக்குள். அப்பா நகத்தால் முயன்றார், பல்லால் கடித்தார். அதற்குள் இரண்டாவது காற்று வந்துவிட்டது.

வலது கையில் மூன்று நகங்களும் இடது கையில் இரண்டும் இல்லை. மஞ்சள்தூளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கட்டினேன். அப்போது அம்மா தண்ணீர் தேடிப் போயிருந்தாள்.

"அது போனதுக்கப்புறம் வயிறு கொஞ்ச நேரம் அசஞ்சுது பாப்பா" என்றார். "அம்மாட்ட சொல்லாத."

இன்று குழி தோண்டினோம். நான்கு வீட்டு ஆட்கள் வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் குழி வேலை இருந்தது, ஆனாலும் வந்தார்கள். மதியம் எங்கள் ஆடுகள் இரண்டும் வந்தன. ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. அடுத்த வீட்டுப் பசுவும் கன்றும் உப்பளத்து மேட்டில் நின்றனவாம். தெருவில் அவிழ்த்துவிட்டவர்கள் எல்லோருடைய மாடுகளும் ஒவ்வொன்றாக வருகின்றன.

குழிக்குள் இறக்கும் முன் கயிற்றை அறுக்க அரிவாளை எடுத்தார் ஒருவர். அப்பா தடுத்தார். "அது அவர் கயிறு. அவர் வரட்டும்." பிறகு, மாடு ஊத ஆரம்பித்திருந்ததால், கொட்டகைக் காலில் இருந்த முனையை மட்டும் அறுத்து, கழுத்தில் இருந்ததோடு புதைத்தார்கள்.

நவம்பர் 24, சனி

உத்திராபதி மாமா மேலக்காட்டிலிருந்து நடந்தே வந்தார். ஐந்து மைலுக்கு நான்கு மணி நேரமாம். தோளில் கோடாரி. கால் முட்டி கிழிந்திருந்தது.

அப்பா எழுந்து நின்றார். கட்டுப் போட்ட கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "ஒங்க பொருளக் காப்பாத்த முடியலண்ணே."

மாமா குழிமேட்டைப் பார்த்தார். கொட்டகைக் காலில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் துணுக்கைப் பார்த்தார். "கட்டியா வச்சிருந்த?"

"ஒங்க கயிறாச்சே. எப்புடி அவுக்குறது?"

"யோவ் பக்கிரி! என் மாடு நாலையும் நான் புதங்கெழம மத்தியானமே அவுத்து வுட்டுட்டேன். நாலும் முழுசா நிக்கிது. ஒரு போனப் போட்டா அவுத்து வுடுன்னு சொல்லியிருக்க மாட்டனா? ராவு பத்து மணி வரைக்கும் ஊரு பூரா எனக்குத்தானே பேசிக்கிட்டிருந்தான்!"

"பாப்பா போட்டுச்சு. ரெண்டு தடவ. கெடைக்கல."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "டவர்தானே. இருக்கும், இருக்கும்" என்றார்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடியும் ஊதினாள்.

போகும்போது அப்பாவின் தோளில் கை வைத்து, "கயிறு மாத்துனப்புறம் அது என் மாடு. நட்டம் என்னுது. நீ மனசப் போட்டு ஒழப்பாத" என்றார். அவர் போன பிறகு அப்பா இன்று முழுவதும் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 26, திங்கள்

மாமரங்களுக்கு அடியில் செத்த கிளிகள். பெருக்கித் தள்ளினேன். தார்ப்பாய் ஒன்று கொடுத்தார்கள். சுவர்கள் மேல் கட்டினோம். அப்பாவால் முடிச்சுப் போட முடியவில்லை. நான் போட்டேன்.

நவம்பர் 29, வியாழன்

மின்சாரம் வர ஒரு மாதம் ஆகுமாம். போன் செத்துக் கிடக்கிறது. எனக்கு அது ஒன்றும் சிரமமாக இல்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

பள்ளிக்கூடத்திலும் ஓடுகள் பறந்துவிட்டதால் வேலையில் சேர்வது பொங்கலுக்குப் பிறகு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா ஆணியில் தொங்கிய நார்க் கயிற்றை எடுத்துப் பார்த்தாள். கூரை இல்லாததால் மழையில் நனைந்து கறுத்துவிட்டது. "இத ஏன் வச்சிருக்கோம்?" என்றாள். அவளே திரும்பவும் மாட்டினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"அன்னிக்கு எங்க நின்னு போன் போட்ட?"

"கொல்லையில."

"மணி அடிச்சுதா?"

"அடிக்கல."

"ம்."

டிசம்பர் 4, செவ்வாய்

ரேஷன் கடை வாசலில் ஜெனரேட்டர் வைத்துப் போன்களுக்கு சார்ஜ் போட்டுக் கொடுக்கிறார்கள். நேற்று அம்மா எங்கள் போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குச் சொல்லவில்லை. "டவர் வந்துருச்சாம். போயி வாங்கியா" என்று இன்று மதியம்தான் சொன்னாள்.

வாங்கிக்கொண்டு திரும்பும்போது, விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்து போனை உயிர்ப்பித்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மா பச்சைப் பொத்தானை அழுத்துவாள் என்று தெரியும். நானே அழுத்தினேன்.

சித்தியின் முகம். அதற்குக் கீழே ஸ்கூட்டர். அதற்குக் கீழே பள்ளிக்கூடத்தின் எண், படம் இல்லாமல், சிவப்பு நிறத்தில். அதற்கும் கீழே போனேன். பொட்டுவின் முகம் பத்துப் பன்னிரண்டு அழைப்புகளுக்குப் பிறகு ஒரே ஒரு முறை வருகிறது. அது மாடு விற்கப் பேசிய அன்று.

இந்த நோட்டில் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, இதில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்குத் தேதி படிக்கத் தெரியாது. படம் மட்டும்தான் தெரியும்.

மரத்தின் மேல் உட்கார்ந்தபடி அதை நான் நினைத்தேன். ஒரு தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டால் போதும். பொட்டுவின் முகம் மேலே வந்து நிற்கும். அம்மா பார்ப்பாள். ம் என்பாள். அதோடு முடிந்துவிடும்.

அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு டீச்சரம்மா."

வெட்டவேண்டும் என்று நினைத்தேன். விரல் வரவில்லை. பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கண்ணாடி டம்ளர் வைக்கிற சத்தம்.

"அலோ? பக்கிரிக்கு ஒடம்பு எதும் சரியில்லையா? சொல்லும்மா."

"மாமா" என்றேன். "அன்னைக்கு நான் போன் போடல."

சத்தங்கள் எல்லாம் தள்ளிப் போயின. கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது.

"ஏம்மா?"

நீங்கள் சிரிப்பீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு பசுவும் அதன் வயிற்றில் இருந்ததும் அப்பாவின் ஐந்து நகங்களும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எனக்கே காதில் ஏறாது.

"வெக்கமா இருந்துச்சு."

அவர் கேட்டபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"மொதல்ல அங்க சொல்லு." வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மேலேயே பொட்டுவின் முகம். அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கட்டை விரலால் கீழே தள்ளினாள். சித்தி, ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் விரலை வைத்தபடி அப்படியே நின்றாள். திருவாரூர் மாமா புதன்கிழமை ஆறு மணிக்குப் பேசியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கும். கால் மணி நேரம் பேசினாளே. பொட்டு அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டும். மேலே இருக்கிறது.

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு கொல்லையில இருக்காரு" என்றாள்.

அப்பா விழுந்த தென்னைகளைத் துண்டு போடுகிறார். கை ஆறவில்லை, அரிவாளை உள்ளங்கையில் மட்டும் பிடித்து வெட்டுகிறார். இரண்டு வெட்டுக்கு ஒரு தரம் நிறுத்துகிறார். எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். கோடு போட்ட பக்கங்கள் நிறைந்துவிட்டன, இப்போது எழுதுவது படம் வரைகிற பக்கத்தில்.

வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. மறுபடியும் தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்கவில்லை. தண்ணீர் மொள்ளுகிறார். நோட்டை மூட வேண்டும்.